சல்லடைக்கு மரியாதை

"எங்க பையனை நீங்க வந்து திட்டணும்" என்று அந்த மனுஷர் கேட்டபோது, கையிலிருந்த டீத் தம்ளரை நான் கீழே போடாததே பெரிய விஷயம்.

கேட்டவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். பச்சை அணியின் ரசிகர். ரத்தத்தைச் சோதித்தால் அதுவும் பச்சையாகத்தான் இருக்கும். கேட்டது என் அண்ணியிடம். அண்ணி சிவப்பு அணிக்காரி. எங்கள் ஊரில் அணி இரண்டு, மைதானம் ஒன்று, பகை தலைமுறை தலைமுறையாக. சிவப்புக்காரர் வீட்டு வாசற்படியைப் பச்சைக்காரர் மிதிப்பதே அதிசயம். மிதித்ததோடு நில்லாமல், தன் அக்கா மகனைத் திட்டச் சொல்லிக் கெஞ்சவும் செய்தால் எப்படி இருக்கும்?

அண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சலூன்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அண்ணிக்கு நாக்கு இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். வாயில்லாப் பூச்சி. குழம்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டால் தலை ஆடும், அவ்வளவுதான். நானோ அந்த வீட்டுக் கடைக்குட்டி, வாய் காது வரைக்கும் நீளம். நாத்தனார் என்றால் பயமோ, யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ தெரியாது, தன்னைவிடச் சின்னவளான என்னை "வாங்க, போங்க" என்றே கூப்பிட்டாள். நானும் பதிலுக்கு "வாங்க அண்ணி, போங்க அண்ணி." ஆளுக்கொரு வேலி.

நான் வேலை பார்த்த சலவை ஆலையிலேயே அண்ணியையும் சேர்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் அனுப்பும் விரிப்புகளை அங்கே மலை மலையாகத் துவைப்போம். துவைத்த விரிப்பு சூடான ரோலரில் நுழைந்து மறுபக்கம் வரும்போது இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். ஒரு முனையில் நான், மறுமுனையில் அண்ணி. மெஷின்கள் போடுகிற இரைச்சலில் காதோடு காது வைத்துப் பேசினாலும் கேட்காது. இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்கவில்லை என்றால் மடிப்பு கோணலாகிவிடும், மேஸ்திரி முகமும் கோணலாகிவிடும். அதனால் அண்ணி கத்தக் கற்றுக்கொண்டாள். "இழுங்க!" "விடுங்க!" "இறுக்கிப் புடிங்க!" முதலில் பூனைக்குட்டி மாதிரி இருந்த குரல் வருஷா வருஷம் வளர்ந்து, ஒரு நாள் ஆலைச் சங்கு பழுதானபோது சாப்பாட்டு நேரத்தை அண்ணிதான் கத்திச் சொன்னாள். வெளியே காவல்காரர் அதைச் சங்கு என்றே நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் ஊருக்கே "சங்கு அக்கா".

கால்பந்து அண்ணனால் ஒட்டிக்கொண்ட வியாதி. ஒரு தடவை சிவப்புக்கும் பச்சைக்கும் நடந்த ஆட்டத்துக்கு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனான். வடக்கு கோலுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் கேலரியில், கம்பியை ஒட்டி நின்றோம். பச்சைக்கு அப்போது புதுசாக ஒரு கோல்கீப்பர் வந்திருந்தான். நெட்டையன், மீசை சரியாக முளைக்காத வயது. எங்கள் ஆள் ஒருவன் சும்மா உருட்டிவிட்ட பந்து அவன் கைக்குள் போய், கையிடுக்கில் நழுவி, வலைக்குள் போய்விட்டது. எல்லோரும் ஒரு கணம் வாயடைத்துப்போன நேரத்தில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"டேய்! அது கையா, சல்லடையா?"

கேலரியே குலுங்கிச் சிரித்தது. அண்ணி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். இல்லை, தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று புரிந்தபோது அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். அன்றிலிருந்து கம்பியோரத்தில் அந்த இடம் அவளுடையது. அந்தப் பையனின் பெயரும் அன்றிலிருந்து சல்லடை.

அண்ணியின் திட்டுக்குச் சட்டம் உண்டு. ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. அம்மா, அப்பா பக்கம் போகவே கூடாது. அந்த எல்லைக்குள் நின்று அவள் பின்னி எடுப்பாள். "டேய் சல்லடை! அது கோல் போஸ்ட்டுடா, பஸ் ஸ்டாப் இல்ல! யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறே?" "மாவு சலிக்க வந்தியா, பந்து புடிக்க வந்தியா?" அவன் ஒரு தடவைகூட வாய் திறந்து பதில் சொன்னதில்லை. கழுத்துப் பின்புறம் மட்டும் சிவந்துபோகும்.

எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். யாரோ எவனோ ஒரு எதிரிக்கு வாய் நிறைய "டேய்". ஒரே விரிப்பின் அடுத்த முனையைக் காலமெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு "இழுங்க, விடுங்க." இது என்ன நியாயம்?

சரி, கதைக்கு வருகிறேன். போன பருவத்தில் பச்சை அணி தோற்றது, மறுபடி தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. பட்டியலின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம்! ஆலையில், பஸ்ஸில், டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. "பச்சை பழுத்துடுச்சு, இனி உதிர வேண்டியதுதான்" என்றார் பாய்லர்காரர். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சானுங்க. இப்ப ஆட்டுக்குட்டி மட்டம்கூட இல்ல" என்றான் என் அண்ணன். எங்கள் கேலரிக்குத் தலைவர் ஒருவர் உண்டு, தொழில் எலக்ட்ரீஷியன். மீசையும் மைக்கும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. "பச்சைக்குச் சங்கு ஊதியாச்சு!" என்று அவர் கத்த, எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். கடைசி ஆட்டத்தன்று பச்சைக்கு வழியனுப்பு விழா நடத்தி, பச்சை நிறத்தில் கேக் வெட்டுவதென்று முடிவானது.

கடைசி ஆட்டம் துறைமுக அணியோடு. பச்சை ஜெயிக்க வேண்டும், குறைந்தது சமன் செய்ய வேண்டும். தோற்றால் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

ஒரு மத்தியானம் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி கேட்டாள்: "அவங்க இறங்கிட்டா, அடுத்த வருஷம் நம்மளோட ஆட மாட்டாங்க, இல்லீங்களா?"

"எப்படி ஆடுவாங்க? அவங்க கீழ, நாம மேல. தொல்லை விட்டுச்சு."

"அப்ப நான் யாரை..." என்றாள். முடிக்கவில்லை. விரிப்பு அவள் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. அத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு முனையைக் கைவிட்டு நான் பார்த்ததே இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சலூன்காரர் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அவன் என் அக்கா பையன், நீங்க சல்லடைன்னு கூப்பிடுவீங்களே, அவன்தான். எல்லா டீம்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிறான். ஆனா உங்க சிவப்போட ஆடினா மட்டும் புலியாயிடறான். இந்த வருஷம் ரெண்டு ஆட்டத்திலயும் உங்களால ஒரு கோல் போட முடிஞ்சுதா? முந்தாநாள் என் கடையில முடி வெட்டிக்கிறப்ப அவனே சொல்றான்: 'மாமா, அந்தச் சங்கு அக்கா திட்ட ஆரம்பிச்சா எனக்குப் பத்துக் கை முளைக்குது. மத்த ஆட்டத்துல யாரும் என்னைக் கண்டுக்கிறதே இல்ல.' நீங்க வந்து நாலு வார்த்தை திட்டினா போதும்மா, புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எதிரிக்கு உதவி பண்ணச் சொல்றீங்களா? நல்லா இருக்கே கதை!" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. "வரேன்" என்றாள்.

விஷயம் காற்றைவிட வேகமாகப் பரவியது. தலைவர் ஆலைக் கேட்டுக்கே வந்துவிட்டார். "அந்தக் கேலரியில போய் உக்காந்தீங்கன்னா, நம்ம கம்பியோரத்துல உங்களுக்கு இடம் கிடையாது. ஆமா, சொல்லிட்டேன்!"

அண்ணிக்கு அந்தக் கம்பியோரம் என்ன என்று எனக்குத் தெரியும். உலகத்தில் அவள் வாய் திறந்து முதன்முதலாக நாலு பேர் கேட்ட இடம் அது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இடம் இருந்து, திட்ட ஆளில்லைன்னா நான் அங்க நின்னு என்னங்க பண்ணுவேன்?" என்றாள். நியாயம்தானே! நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. தெற்கு கேலரியில் பச்சைக்காரர்கள் எங்களை மகாராணிகளைப் போல நடத்தினார்கள். முன்வரிசையில் நாற்காலி. வெயிலுக்குக் குடை. சோடா, டீ, சுடச்சுட வறுத்த கடலை. சலூன்காரர் தன் துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அங்கேதான் கோட்டை விட்டார்கள். ஒருத்தர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர்கள் வீட்டுப் பிள்ளையைத் திட்டினால், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் இல்லையா?

முதல் பாதியில் சல்லடை எங்களுக்கு நேர் முன்னால் நின்றான். பச்சை கேலரி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் வாயையே பார்த்தது. அண்ணி எழுந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"தம்பி... கொஞ்சம் பாத்துப் புடிங்க!"

ஐயோ! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சல்லடை விலுக்கென்று திரும்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு கலவரம். அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பார்ப்பவனைப் போலப் பார்த்தான். அண்ணி இன்னும் பதறிப்போய், "ஒண்ணும் இல்லீங்க, நீங்க ஆடுங்க!" என்றாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்க, துறைமுகக்காரன் அடித்த பந்து அவன் தோளைத் தாண்டி வலைக்குள் போய்விட்டது.

சலூன்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டார். தூரத்தில் எங்கள் வடக்கு கேலரி துள்ளிக் குதித்தது. கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்பது இங்கிருந்தே தெரிந்தது.

"என்ன அண்ணி இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரிப் பேசறீங்க?" என்று கடிந்துகொண்டேன். அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. "வர மாட்டேங்குதுங்க. வாயைத் தொறந்தா 'ங்க'தான் வருது."

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். சல்லடை இனி வடக்கு கோலுக்குப் போவான், அதாவது எங்கள் கேலரிக்கு முன்னால். நாங்கள் இருவரும் மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாசலில் தலைவர் குறுக்கே கையை நீட்டினார். கம்பியோரத்தில் அண்ணியின் இடத்தில் கேக் இருந்த மேஜையைப் போட்டிருந்தார்கள். அண்ணி அந்த மேஜையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போய், கேலரி முடிகிற மூலையில், எந்த அணிக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கத்தில்.

பச்சை எப்படியோ முட்டி மோதி ஒரு கோல் போட்டுவிட்டது. ஒன்றுக்கு ஒன்று! இப்படியே முடிந்தால் தப்பித்துவிடும். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் பார்த்துப் பச்சைக்காரன் ஒருவன் கோலுக்குப் பக்கத்திலேயே எதிராளியின் காலை வாரிவிட்டான். விசில். பெனால்டி!

எங்கள் கேலரி வெடித்தது. தலைவர் கத்தியை எடுத்துக் கேக்குக்கு மேலே பிடித்தார். சல்லடை என்ன செய்தான் தெரியுமா? மைதானத்தின் மறுகோடியிலிருந்த தன் ஆட்களைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டான். பந்து அடிக்கும் முன்னாலேயே!

என் பக்கத்தில் வேலி அதிர்ந்தது.

"டேய்ய்ய் சல்லடை!"

குரலா அது? அத்தனை கூச்சலும் அறுந்து விழுந்தது. "என்னடா கும்பிடறே? கும்பிடற கைக்குக் கிளவுஸ் எதுக்குடா? கையைக் கூப்பிக்கிட்டு நின்னா பந்தை யாரு புடிப்பா, உங்க மாமா வந்து கத்திரியில புடிப்பாரா? இத்தனை வருஷம் உன்னைத் திட்டித் திட்டி வளர்த்திருக்கேன், நீ பாட்டுக்குக் கீழ இறங்கிப் போயிட்டா, அடுத்த வருஷம் நான் யாரைடா திட்டுவேன்? கையை விரிடா!"

அவன் கழுத்து சிவந்தது. இங்கிருந்தே பார்த்தேன், குங்குமமாகச் சிவந்தது. கையை விரித்தான். துறைமுகக்காரன் ஓடிவந்து இடது மூலையைப் பார்த்து அடித்தான். சல்லடை பாய்ந்தான், பாய்ந்தான் என்றால் பூமிக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாமல் பாய்ந்தான். பந்து அவன் முஷ்டியில் பட்டு வெளியே பறந்து, நேராக வந்து தலைவரின் கேக்கில் விழுந்தது.

பச்சை பிழைத்தது. அண்ணி வேலியைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எதிரி பிழைத்ததற்கு அழுகிறோமா, திட்ட ஆள் மிஞ்சியதற்கு அழுகிறோமா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மீசை முழுக்கப் பச்சைக் கிரீமோடு நின்ற தலைவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. புதுப் பருவம் தொடங்கியபோது அண்ணிக்குக் கம்பியோரம் கிடையாது, கடைசி வரிசைதான்.  அண்ணி மேலே ஏறி நின்றாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

சிவப்பும் பச்சையும் மோதும் நாள் வந்தது. முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாம் பாதிக்குச் சல்லடை எங்கள் பக்கம் வந்தான். கம்பியோரத்தைப் பார்த்தான். அங்கே தலைவர். இப்படியும் அப்படியும் தேடினான். முகம் வாடிப்போயிற்று. அந்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டது பாருங்கள்:

"டேய் சல்லடை! என்னடா தேடறே, பந்து முன்னாடி இருக்குடா!"

அவன் முதுகு நிமிர்ந்தது. பிறகென்ன! எங்கள் ஆட்கள் அடித்ததையெல்லாம் பிடித்தான், தட்டினான், உதைத்தான். அண்ணி திட்டத் திட்ட அவனுக்குக் கை முளைத்துக்கொண்டே போனது. தலைவருக்கு அப்போதுதான் மூளையில் பல்பு எரிந்தது. எலக்ட்ரீஷியன் அல்லவா, கொஞ்சம் தாமதம். படியேறி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அக்கா! உங்களுக்குக் கோடி நமஸ்காரம். வாயை மூடுங்கக்கா! நீங்க திட்டறதாலதான் அவன் புடிக்கிறான்!"

"என் இடத்தைக் கொடு. அப்புறம் பேசலாம்" என்றாள் அண்ணி.

கேலரியே விலகி வழிவிட்டது. தலைவர் முன்னால் நடந்து போய்த் தானே ஒதுங்கி நின்றார். அண்ணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்துக்கொண்டாள். ஆட்டம் முடியும் தறுவாய். எங்களுக்குக் கார்னர். எங்கள் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான். சல்லடை கையை விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு, திட்டுக்குக் காத்திருக்கிறான்.

அண்ணி தேன் ஒழுகும் குரலில் கேட்டாள்:

"தம்பி, சௌக்கியமா இருக்கீங்களா? வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?"

சல்லடை திரும்பிவிட்டான். வளர்ப்பு அப்படி, பெரியவர்கள் அம்மாவை விசாரித்தால் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமே! "நல்லா இருக்காங்..." என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் எங்கள் ஆள் தலையால் முட்டிய பந்து வலைக்குள் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதுவதற்கு எனக்குக் கை போதாது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. தலைவர் என் அண்ணனைத் தூக்கிவிட்டார். சல்லடை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்: "அக்கா! இது அநியாயம்! அடுத்த ஆட்டத்துல பாருங்க!" சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணி கண்ணெல்லாம் தண்ணீராகச் சிரித்துக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"இதுக்குத்தான்டி அவனைக் காப்பாத்தினேன்!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை. கோல், கூச்சல், தலைவர், எதுவும். 'டி' என்றாளா? என்னையா? தோள் காந்தியது. சந்தோஷத்தை மறைக்க என்ன இருக்கிறது?

"போ அண்ணி!" என்றேன்.